கும்மி வட்டத்தில் என் இடம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க ஓட்டையும் கறையும் தேடிப் பழகியதில், மனிதர்களிடமும் முதலில் குறைதான் கண்ணில் படும். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையோடு இங்கே வந்தேன். அந்தப் பிள்ளை இப்போது மீசை வைத்திருக்கிறான். ஆனாலும் எங்கள் லைன் வீட்டு ஓனரம்மாவுக்கு நான் தெக்கத்திக்காரிதான்.

அவருக்கும் எனக்கும் குழாயடியில் ஆகவே ஆகாது. "ஏனுங்க, நீங்களே இத்தன கொடம் புடிச்சா மத்தவிய என்னங்க பண்ணுவாங்க?" என்பார். எங்கள் பக்கம் வைதால் திருப்பி வையலாம். 'ங்க' போட்டு வைகிறவரை என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தைத் தூக்கி வருவேன்.

முதலிபாளையத்தை ஒட்டிய மாரியம்மன் கோயில் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கும்மி சொல்லித்தர ஆரம்பித்தார்கள். இந்த வயதில் ஆட்டமா என்று மகன் சிரித்தான். அந்த வீம்புக்காகவே போனேன். வாத்தியார் உயரம் பார்த்து ஆட்களை வரிசையாக நிறுத்தினார். எனக்குப் பக்கத்தில் வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் ஓனரம்மா.

ஓர் அடவில் பக்கத்தில் நிற்பவரின் உள்ளங்கையில் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். நாங்கள் இருவரும் விரல் நுனியால் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டோம். "ரெண்டு பேரும் சோறு திங்கலீங்களா?" என்றார் வாத்தியார். ஆத்திரத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். ஓனரம்மாவும் விடவில்லை. உள்ளங்கை சிவந்துபோய், யார் முதலில் என்று தெரியாமல் சிரித்துவிட்டோம். அதன் பிறகு ஞாயிறு வராதா என்று இருந்தது. குழாயடிச் சண்டை மட்டும் நிற்கவில்லை.

கோயில் வாசலில் அரங்கேற்றம் என்று முடிவானது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பச்சைச் சேலை. அம்மாவிடம் போனில் சொன்னேன். "நீ ஆடுதத வீடியோ புடிச்சு அனுப்புளா. அங்கனயாவது ஒனக்கு நாலு பேரு இருக்காகளே" என்றாள். அவளுக்கு எப்போதும் அதுதான் கவலை.

அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் காலையில் தம்பி போன் செய்தான். அம்மா போய்விட்டாள்.

பஸ் ஏற்றிவிட ஓனரம்மா வந்தார். ஜன்னல் வழியாக அவரிடம், "என் இடத்துல யாரப் போடுவீங்க?" என்று கேட்டேன். பெற்றவள் செத்துக் கிடக்கும்போது கேட்கிற கேள்வியா அது? கேட்டேன். ஆடத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இடம் கிடைக்காமல் வட்டத்துக்கு வெளியே காத்திருந்தது எனக்குத் தெரியும். "அதெல்லாம் இப்ப நெனைக்காதீங்க, வெசனப்படாமப் போங்க" என்றார்.

ஊரில் என்னைக் கட்டிப்பிடித்து அழுத பெண்களில் பாதிப் பேர், "இது யாரு?" என்று பின்னால் கேட்டுக்கொண்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவின் வீட்டைத் தம்பி பூட்டினான். "சாவி எங்கிட்டயே இருக்கட்டும்க்கா. நீ இனிமே எப்ப வரப்போற?" அவன் கேட்டதில் தப்பில்லை. அம்மாவோடு அந்த ஊரும் எனக்கு இல்லாமல் போனது.

திரும்பி வந்த அன்று ஓனரம்மா ரசமும் சோறும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தன் போனில் அரங்கேற்ற வீடியோவைக் காட்டினார். எனக்குப் பதிலாக எவள் நிற்கிறாள் என்றுதான் முதலில் தேடினேன். எவளும் இல்லை. பச்சைச் சேலை வட்டத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அந்த அடவு வரும்போதெல்லாம் ஓனரம்மா வெறுங்காற்றில் கையை நீட்டித் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஏன், நெருங்கி நின்னிருக்கலாமே? பாக்கவே நல்லா இல்ல."

"வாத்தியாரும் நெருங்கத்தான் சொன்னாருங்க. நாந்தான் மாட்டேன்னுட்டேன். ஆளு ஊருக்குப் போயிருக்குதுங்க, வந்துருமுங்கன்னு சொன்னேன்."

அம்மாவின் பிணத்தருகே கூட வராத அழுகை அப்போது வந்தது. ஓனரம்மா சோற்றைப் பிசைந்து தட்டை என் பக்கம் தள்ளினார்.

அவர் போன பிறகு, எனக்கு அனுப்பியிருந்த அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். நான் அதில் எங்கேயும் இல்லை. அனுப்பச் சொன்னவளும் இல்லை. அவள் போனைத் தம்பி அணைத்து எங்கோ வைத்துவிட்டான். தெரிந்தேதான் அம்மாவின் நம்பருக்கு அனுப்பினேன்.