ஈரலுக்குத் தனி விலை

ஊருக்குள் யாரிடமாவது எங்கள் தெருவுக்கு வழி கேட்டால், "மாட்டுக்கறி திங்கிற தெருவா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். சங்கரன்கோவிலில் நான் பள்ளிக்கூடம் போன பன்னிரண்டு வருஷமும் அந்தக் கேள்வி என் கூடவே வந்தது. அதனால் மாட்டுக்கறி விலை ஏறத் தொடங்கியபோது எனக்குக் கவலையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. யாருமே தொடாத பண்டம் என்றால் அது எப்படி விலை ஏறும்?

விலை ஏறுவதற்கு முன்னால் கறிக்கடையில் தராசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஓடைக்கரையில் கடைக்காரர் பனையோலைப் பாயை விரித்துக் கறியைக் கூறு கூறாகக் குவித்து வைப்பார். ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் சதை, கொஞ்சம் எலும்பு, கொழுப்பு, குடல், ஒரு துண்டு ஈரல் இருக்கும். எல்லாக் கூறும் ஒரே விலைதான். பெண்கள் குனிந்து பார்த்து, "இதுல எலும்பு கூடிப்போச்சு அண்ணாச்சி" என்பார்கள். அவர் பக்கத்துக் கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து இதில் போடுவார். உடனே அந்தக் கூறுக்காரி சண்டைக்கு வருவாள். அவளுக்கு இன்னொரு கூறிலிருந்து ஒரு துண்டு போகும். கடைசியில் எல்லாரும் முனகிக்கொண்டே திருப்தியாகப் போவார்கள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். துணிக்கடையில் அளவுகோல் இருக்கிறது, ரேஷன் கடையில் தராசு இருக்கிறது, எங்களுக்கு மட்டும் ஏன் கண் அளவு என்று பொருமிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போனபோது எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, இனிமே தராசு வச்சுப் போடுங்க. எவ்வளவு வாங்குதோம்னு எங்களுக்குத் தெரியணும்."

பக்கத்து வீட்டு மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏட்டி, டீச்சராகுறதுக்கு முன்னாலயே பரிச்சை வைக்கியா?"

கடைக்காரர் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்ச பிள்ளை சொல்லுது. வச்சிருவோம்" என்றார். அந்த வாரம் முழுக்க நான் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

அந்த வருஷம்தான் மலையாளத்து வியாபாரிகள் லாரிகளோடு எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளுக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். "நான் துண்டை உதறுறதுக்குள்ள அவன் விரலைப் பிடிச்சு முடிச்சிருதான். சாயங்காலத்துக்குள்ள மாடு புளியரை செக்போஸ்ட்டத் தாண்டிருது. நான் என்ன செய்ய?" என்றார் கடைக்காரர். அதில் பொய் இல்லை. ஆனால் தராசு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கூறைக் கலைத்ததுதான். சதை தனி, எலும்பு தனி, குடல் தனி, ஈரல் தனி என்று பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்தார். அதைப் பலகையில் சாக்பீஸால் எழுதி மாட்டினார். எழுத்துத் தெரியாத பெண்களுக்கு அந்தப் பலகையை வாசித்துச் சொன்னவளும் நான்தான். ஒவ்வொரு வரியாக வாசிக்க வாசிக்க என் குரல் இறங்கிக்கொண்டே போனது எனக்கே கேட்டது.

மாசத்துக்கு இரண்டு தடவையாவது பலகையை அழித்து விலையை ஏற்றி எழுதினார். எங்கள் தெருவும் அதற்குத் தக்கபடி மாறிக்கொண்டது. சதை வாங்கியவர்கள் எலும்புக்கு இறங்கினார்கள், எலும்பு வாங்கியவர்கள் குடலுக்கு. குழம்பில் கத்திரிக்காயும் சீனி அவரைக்காயும் ஏறிக்கொண்டே போயின. "கறிய எங்கன போட்டிருக்க, டார்ச் லைட் அடிச்சுத்தான் பாக்கணும்" என்று மதினியின் வீட்டுக்காரர் சொல்ல, "வாசனை வருதுல்லா, அதைத் தொட்டுக்கிட்டுத் தின்னும் வே" என்று அவள் பதில் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை நல்லபடி பிறந்தது, ஆனால் அவளுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. பாயிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆஸ்பத்திரியில் நர்சம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு. மாத்திரை குடுக்கேன். கூடவே ஈரல் வாங்கிக் குடுங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பாளையங்கோட்டைக்குத்தான் போகணும், ரத்தம் ஏத்தணும்" என்றார்.

ஆட்டு ஈரலை நாங்கள் விலை கேட்கவே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்க் கறிக்கடையில் நின்றேன்.

"ஈரல் இருக்கா அண்ணாச்சி?"

"பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்கு எடுத்து வச்சாச்சு."

"அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. உடம்புல ரத்தமே இல்லன்னு நர்சம்மா சொல்லுதாங்க. கொஞ்சமாவது குடுங்க."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கூறு போட்ட காலத்துல பிள்ளை பெத்த வீட்டுக்கு நானே ஈரலை அள்ளிப் போட்டிருக்கேன். உன்னைப் பெத்தப்பவும் போட்டிருக்கேன், உங்கம்மாட்ட கேட்டுப் பாரு. அதுக்குத் தனியா துட்டு வாங்குனது இல்ல. இப்ப எடைன்னா எடைதான். நீதான தராசு கேட்ட?"

வெறும் கையோடு திரும்பினேன். இன்றைக்கு என்றால் அவரிடம் சொல்லியிருப்பேன். நான் கேட்டது சரியான அளவு. பிள்ளை பெற்றவளின் பங்கைப் பிடுங்கி ஓட்டலுக்கு விற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த ஓட்டலில் அதை ஆட்டு ஈரல் வறுவல் என்று சொல்லிப் பரிமாறினார்கள். எங்கள் தெருவைச் சொல்லி மூக்கைச் சுளித்தவர்கள் பரோட்டாவுக்குத் தொட்டுக்கொண்டு தின்றார்கள். விலை ஏற்றியது யார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மதினிதான், "கடை இல்லன்னா என்ன, பங்கு போடுவோம்" என்றாள். பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு மாடு வாங்குவது என்று பேசி முடித்தார்கள். பனவடலிசத்திரத்தில் நிலம் வைத்திருந்த ஒரு சம்சாரியிடம் ஏர் இழுத்து ஓய்ந்த காளை இருந்தது. மதினியோடும் அவள் வீட்டுக்காரரோடும் நானும் போனேன். சம்சாரி எங்களைத் தொழுவத்துக்கு வெளியே நிறுத்தி விலையைப் பேசி முடித்தார். கயிற்றைக் கையில் கொடுக்குமுன், "வளக்கத்தான கொண்டு போறிய?" என்றார். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். "ஆமா அண்ணாச்சி, வளக்கத்தான்" என்றாள் மதினி. பாவத்தை எங்கள் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார். துட்டு அவர் மடியில்தான் இருந்தது.

ஞாயிறு காலையில் தெருவுக்குப் பின்னால் பன்னிரண்டு கூறுகள் விழுந்தன. மதினி ஈரலைப் பலகையில் வைத்துக் கத்தியை ஓங்கியவள், என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

"தராசு எங்க டீச்சரம்மா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் வீட்டில் அக்கா படுத்திருந்தாள். "மதினி, ஈரலை வெட்டாதீங்க. முழுசா எங்க அக்காவுக்கு வேணும். எங்க கூறுல உள்ள சதைய நீங்க எல்லாரும் பிரிச்சுக்கோங்க" என்றேன்.

"சதையக் குடுத்துட்டு உங்கம்மா என்னத்தைத் திம்பா? நீ வாசிச்ச பலகையவா?"

இன்னொருத்தி முன்னால் வந்தாள். "எங்க வீட்டுலயும் மருமக சூலியா இருக்கா. ஒரேயடியா தூக்கிக் குடுத்தா எப்படி?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. கொஞ்ச நேரம் குரல்கள் உயர்ந்தன. கடைசியில் மதினி கால்வாசியை அறுத்து அவளிடம் கொடுத்தாள். மிச்சத்தை எங்கள் சட்டியில் போட்டாள். எங்கள் கூறிலிருந்து யாரும் ஒரு துண்டு எடுக்கவில்லை.

அன்றைக்கு வறுத்தது போக மீதியை அம்மா மெல்லிசாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தாள். காக்கா வராமல் நான் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு காவல் இருந்தேன். காய்ந்ததைத் தினமும் இரண்டு துண்டு சுட்டு அக்காவுக்குக் கொடுத்தோம். மரப்பட்டை மாதிரி இருக்கிறது என்று அவள் திட்டிக்கொண்டே மென்றாள்.

அடுத்த மாசம் நர்சம்மா இமையை இழுத்துப் பார்த்தார். "பரவாயில்லயே, சிவப்பு ஏறியிருக்கு. பாளையங்கோட்டைக்குப் போக வேண்டாம். என்ன குடுத்திய?"

அம்மா பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தாள். "ஆட்டு ஈரல்மா" என்றாள்.

"இல்ல, மாட்டு ஈரல். உப்புக்கண்டம் போட்டுக் குடுத்தோம்" என்றேன். குரலைக் குறைக்கவில்லை.

"எதுவா இருந்தா என்ன, விட்டுராம குடுங்க" என்று நர்சம்மா அடுத்த சீட்டை எடுத்தார். பெஞ்சில் இருந்த ஒரு பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைசிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அம்மா என் கையைக் கிள்ளினாள். காலியான இடத்தில் அக்காவை உட்காரச் சொன்னேன். பிள்ளைக்குப் பால் கொடுக்க வசதியாக இருந்தது.