அளந்து போடத் தெரியாத நைனா

எங்கள் நைனா பிறந்தது செஞ்சியை அடுத்த தொண்டூரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, செஞ்சி கடைத்தெருவில் மூட்டை தூக்கி, தம்பி தங்கைகளைக் கரையேற்றிய பிறகு, ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுப் பன்றி வளர்த்தார். நாங்கள் படித்தது அந்த வருமானத்தில்தான்.

வளர்ப்பில் நைனாவிடம் இருந்த ஒரே குறை தாராளம். ஆண் பன்றியை அப்படியே விட்டால் கறியில் வாடை அடிக்கும் என்று குட்டியிலேயே காயடித்துவிடுவார்கள். பிறகு தீனியை அளந்துதான் போட வேண்டும்; இல்லையென்றால் தின்றதெல்லாம் கறியாகாமல் கொழுப்பாகிவிடும். நைனாவுக்கு இது தெரியும். கைதான் கேட்காது.

“அதுங்களுக்கு வேற இன்னா சந்தோசம் மிச்சம் வெச்சிருக்கோம்? சோத்துலயும் கை வெக்கணுமா?” என்பார். அதே கையில் வளர்ந்தவன் நான். இந்த நினைவு மலரின் பின்னட்டைப் படத்தில் என் அகலத்தைப் பார்த்தால் அவரது கொள்கை விளங்கும்.

எங்களுக்கு இருந்த ஒரே வியாபாரி, திண்டிவனத்தில் கறிக்கடை வைத்திருக்கும் சித்தப்பா. பழக்கத்தில் வந்த சித்தப்பா. ஒருநாள் வந்து பொரிந்து தள்ளிவிட்டார்.

“இன்னாண்ணே, கறி கேட்டா கொழுப்ப வெட்டிக் குடுக்குறேன்னு ஜனங்க திட்டுது. அடுத்த லோடும் இப்டி இருந்துச்சுன்னா நான் வேற எடம் பாத்துக்குறேன்.”

அவர் போய்விட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான். அம்மா வாளியைப் பிடுங்கிக்கொண்டார்.

“நீங்க அதுங்களப் பாவம் பாத்தா, நம்மளப் பாவம் பாக்க ஆள் இருக்காது. தீனி வேளைக்கு டீக்கடைக்குப் போயிடுங்க.”

நைனா போனார். அவர் குரல் கேட்டாலே பன்றிகள் அலறும் என்பதால், திரும்பி வரும்போது கொட்டகைப் பக்கம் இருமக்கூட மாட்டார். அடுத்த லோடு நல்ல சதைப்பிடிப்பு. “எப்டிண்ணே?” என்று சித்தப்பா கேட்க, “உங்க அண்ணிதான் செஞ்சா. நான் தூரமா நின்னேன். அதுவே பெரிய வேலையா இருந்துச்சு” என்றார்.

நோயில் படுத்த கடைசி மாதங்களிலும், “போட்டாச்சா?” என்று கேட்பார். எவ்வளவு என்று கேட்க மாட்டார்.

கருமாதி அன்று கூட்டம் கலைந்ததும் அம்மா கொட்டகைக்குப் போனார். அளவுப்படி போட்டார். சற்று நின்றார். பிறகு இன்னொரு வாளி தவிட்டை அள்ளிக் கொட்டினார். பின்னால் சித்தப்பா நிற்பதை அப்போதுதான் கவனித்தார்.

“இன்னிக்கு ஒரு நாளு துன்னட்டும்பா.”

“போடுங்கண்ணி. கொழுப்பு வந்தா நான் பாத்துக்குறேன்.”

ஒரு நாள் தீனியில் கொழுப்பு வந்துவிடாது என்பது இருவருக்கும் தெரியும்.

இந்த ஓராண்டாக எங்களோடு நின்ற தொண்டூர் உறவுகளுக்கும், நைனாவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் நன்றி. சித்தப்பாவுக்கு நேரில் நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே அவருக்கு அச்சில் மட்டும் சொல்கிறோம்.