கூரை கழற்றிய வண்டி

ஒரு திங்கட்கிழமை முழுவதும், திருவொற்றியூரில் என் வீட்டு முன்னறையில் ஒரு ஜீப்பின் துணிக்கூரை கிடந்தது. தார்ப்பாய் போலக் கனத்த கறுப்புத் துணி. ஆள் நீளத்துக்குச் சுருட்டி இரண்டு இடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். அன்று காலை அதைத் தாண்டித்தான் குளிக்கப் போனேன், தாண்டித்தான் வேலைக்குக் கிளம்பினேன். அது அங்கே கிடக்கக்கூடாத பொருள் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை.

வண்டி என்னுடையது அல்ல. என் தங்கை கணவருடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நான் மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் குழாய்களின் அழுத்தம் பார்க்கும் வேலை அவருக்கு. நாள் முழுக்க ஹெல்மெட், கண்ணாடி, முகமூடி. குடியிருப்பு மணலி புதுநகரில். ஒரே மகள். அப்போது அவளுக்கு ஏழு வயது. மூன்று வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் இருந்தது. மழைக்காலத்தில் அவள் தூங்கும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி ஒன்று கத்துவதுபோலச் சத்தம் கேட்கும். புத்தகப் பையில் டிபன் டப்பா இருக்கிறதோ இல்லையோ, உறிஞ்சும் மருந்துப் பம்ப் இருக்கும்.

ஒருமுறை உறவினர் கல்யாணத்துக்கு நாகலாபுரம் மலைப்பக்கம் போய் இரண்டு நாள் தங்கினார்கள். அந்த இரண்டு இரவும் பிள்ளை பம்ப் இல்லாமல் தூங்கினாள். அதிலிருந்துதான் மாப்பிள்ளைக்கு அந்த எண்ணம் பிடித்தது. வாரநாளில் திருவொற்றியூர்ப் பள்ளிக்கு அவளைக் கொண்டுபோக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையானால் மலைக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே வண்டி. கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் பழுது பார்ப்பவன் நான் என்பதால், வண்டி என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு பெயர். மலைப்பாதையில் நான் அதுவரை ஒரு சைக்கிள்கூட ஓட்டியதில்லை. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தோம். முதலாவது ஐந்து கதவு உள்ள சின்ன வண்டி. தகரக் கூரை. நாலு சக்கரமும் இழுக்கும், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. தங்கை பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வெளியே நின்றிருந்த லாரியின் உறுமல் சட்டென்று அறுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இறங்கி வந்து, “ண்ணா, இதுல ஒரு வாசனையும் வர்ல” என்றாள்.

இரண்டாவதுதான் அந்த ஜீப். மூன்று கதவு, துணிக்கூரை, பக்கவாட்டில் ஜிப்பு வைத்துத் தைத்த பிளாஸ்டிக் ஜன்னல். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி ஏற வேண்டும். மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். விற்பனைக்காரர் கூரையைச் சுருட்டிப் பின்னால் தள்ளியதும் அவர் தலையை அண்ணாந்து மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். முகமூடிக்குள்ளேயே வேலை பார்த்த மனிதர். “மச்சான், இதுல குந்தினா மன்சன் மாதிரி கீது” என்றார்.

தங்கை என்னைத் தனியாக அழைத்தாள். “அவருக்கு எது புடிக்குதுன்னு நான் கேக்கல. பாப்பாவுக்கு எது நல்லதோ அத மட்டும் சொல்லு.”

பதில் எனக்குத் தெரியும். ஒரு மூடிய வண்டியின் ரப்பர் விளிம்புக்கும் ஒரு துணி ஜிப்புக்கும் உள்ள வித்தியாசம் எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஜீப்பின் முன்சீட்டில் நான் உட்கார்ந்து மலை ஏறுவதை மனதுக்குள் பார்த்துவிட்டேன். நாற்பத்திரண்டு வயதில் எனக்கு அப்படி ஓர் ஆசை. அடிச்சட்டம் பலம், பாறையில் அடிவயிறு இடிக்காது, லோ கியர் நன்றாக இழுக்கும் என்று ஏதேதோ அடுக்கினேன். கடைசியில், “துணிய இழுத்து ஜிப்பு போட்டா அதுவும் மூடின வண்டிதாம்மா” என்றேன். அவள் என்னை நம்பினாள். ஜீப்பையே வாங்கினார்கள்.

மலை நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை மறைத்துச் சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஓடைப் பாறைகள் மேல் மாப்பிள்ளை அங்குலம் அங்குலமாக வண்டியை ஏற்றுவார். பிள்ளை பின்சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் மேல! இன்னும் மேல!” என்று கத்துவாள். மேலே போனதும் இறங்கி ஓடுவாள். எங்கள் தெருவில் இருபது அடி ஓடினால் குனிந்து நிற்கிற பிள்ளை அது.

வாரநாட்கள் வேறு மாதிரி. மணலிச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களின் வரிசைக்கு நடுவே தினமும் ஊர்ந்து போகவேண்டும். ஜிப்பின் பல் இடுக்கு வழியாகக் கரித்தூள் வந்து சீட்டில் படியும். தங்கை மாலையில் ஈரத்துணியால் துடைப்பாள். ஒருநாள் அந்தத் துணியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். ஜிப்பின் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் அது உரிந்து போனது.

நான் முதலில் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தங்கை மலைக்கு வரவில்லை. மலையடிவாரத்தில் பிள்ளை, “கூரைய எட்த்துடுப்பா, மேல பாக்கணும்” என்று அடம்பிடித்தாள். கழற்றினோம். ஏறும் வழியில் ஒரு கிளை இடித்துக் கூரையைத் தாங்கும் கம்பியின் கொக்கிகள் இரண்டு வளைந்துவிட்டன. மாலையில் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தபோது பிள்ளை பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கூரையை எப்படியாவது மாட்டப் பார்த்தார்.

“கயித்தப் போட்டு இஸ்த்துக் கட்டிக்கலாம் மச்சான். காலைல பாப்பா ஸ்கூலு போவணும்.”

“கயித்துல கட்டினா துணி கிழிஞ்சிடும் மாப்ள. உட்டுட்டுப் போ. நாளைக்கி யார்டுல கொக்கிய நிமித்தி சாயங்காலம் மாட்டித் தரேன். ஒரு காலைல இன்னா ஆயிடப் போவுது?”

அவர் தயங்கினார். நான் கூரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் எட்டரை மணிக்கு யார்டில் என் போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். தங்கை ஏழு மணிக்கே தான் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸ் கம்பெனி வேனில் போய்விடுவாள். பள்ளிக்கு அப்பாவும் மகளும்தான் கிளம்பியிருக்கிறார்கள். பாதி வழியில் டிரெய்லர்கள் நின்றுவிட்டன. முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் என்ஜின் அணைக்காத லாரிகள். எங்கிருந்தோ ஒரு காட்டமான நாற்றமும் காற்றில் இறங்கியிருந்தது. பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பம்ப் இரண்டுமுறை அடித்தும் அடங்கவில்லை. உதடு நிறம் மாறியதைப் பார்த்த மாப்பிள்ளை, ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, வண்டியைச் சாலையை விட்டே இறக்கியிருக்கிறார். பள்ளம், முள்செடி, சாம்பல் கொட்டிய மேடு, சேறு. வேறு எந்த வண்டியும் போகாத இடத்தில் லோ கியரில் ஏறி இறங்கி, அடுத்த சாலையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் அவரே. ஆஸ்பத்திரி வாசலில், முழங்கால் வரை சேற்றோடு நின்று சொன்னார்.

உள்ளே பிள்ளைக்கு முகமூடி வைத்து மருந்துப் புகை செலுத்திக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் அவள் நெற்றியைப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கறுப்பாக வந்தது.

பதினோரு மணிக்குத் தங்கை ஓடிவந்தாள். மகளைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் நின்ற வண்டியை வரும்போதே பார்த்திருக்கிறாள். கணவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: “கூரை எங்க?”

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்க்கவே இல்லை. “பாப்பா மேல பாக்கணும்னு கேட்டா. எட்த்துட்டேன்” என்றார்.

அதுவும் பொய் அல்ல. அதனால்தான் எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது அவ்வளவு எளிதாக இருந்தது.

பிள்ளை மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். வீடுதான் பழையபடி ஆகவில்லை. “இந்த வண்டி இல்லன்னா அவ பொழச்சிருக்க மாட்டா” என்பார் அவர். “இந்த வண்டியாலதான்யா அவளுக்கு வந்துச்சு” என்பாள் அவள். இரண்டும் உண்மை. அந்த மாதக் கடைசியில் ஜீப்பை விற்றார்கள். தங்கை மகளை அழைத்துக்கொண்டு திருத்தணியில் தன் மாமியார் வீட்டுக்குக் குடிபோனாள். மாப்பிள்ளை வேலைக்காக மணலி புதுநகரில் தனியாக இருந்துகொண்டு, சனிக்கிழமைதோறும் ரயிலேறிப் போய்வருவார். அங்கே அவருக்குச் சாப்பாடு மூடி வைத்திருக்கும். தங்கை அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஆறு வருடம். இந்த ஆறு வருடமும் எனக்குத் தீபாவளிக்குப் பலகாரம் தவறாமல் வந்தது.

போன மாதம் நான் திருத்தணிக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளையும் இருந்தார். பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது. பம்ப் தேவைப்படாமல் மாதக்கணக்கில் இருக்கிறாள். மறுபடியும் ஒரு வண்டி வாங்கலாமா என்று பேச்சு வந்தது. எதை எடுக்கலாம் என்று நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அடிச்சட்டம், லோ கியர். அப்போது பிள்ளை தலையைக் குனிந்தபடி, “எதுன்னா வாங்குங்க. எனுக்காக வாங்காதீங்க. அப்ப நான் கூரைய எடுக்கச் சொன்னதாலதான எல்லாரும் தனித்தனியா ஆயிட்டீங்க” என்றாள்.

முகமூடிக்குள் படுத்திருந்த பிள்ளை அன்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஏழு வயதிலிருந்து அதைச் சுமந்திருக்கிறாள்.

நான் சொன்னேன். கொக்கி வளைந்தது, அவர் கயிறு கட்டக் கேட்டது, நான் கூரையைத் தூக்கி உள்ளே கொண்டுபோனது, என்ன ஆகிவிடப் போகிறது என்று சொன்னது எல்லாம். ஜிப்பு போட்டால் மூடிய வண்டிதான் என்றது தெரிந்தே சொன்ன பொய் என்பதையும் சேர்த்து.

“இப்ப இன்னாத்துக்கு மச்சான் அதெல்லாம்” என்றார் மாப்பிள்ளை.

தங்கை என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள். “நீ ஏன்யா சொல்லல? இத்தினி வருசம் உன்ன நான் பேசாத பேச்சா?”

அவர் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “உனக்குன்னு கீறது ஒரே அண்ணன். என்னாண்ட கோச்சிக்கினா என்னிக்கின்னா ஒரு நாளு ஆறிப்பூடும். அவராண்ட கோச்சிக்கினா நீ எங்க போவ?”

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். நான் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை.

அதன்பின் தங்கை எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தாலும் எடுப்பதில்லை. அவர்கள் ஏதோ வண்டி பார்த்து வந்ததாகக் கேள்வி. என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததுதான் சரி. சென்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போனில் பேசினாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“உன் பேச்சே எடுக்கறதில்ல மாமா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஆனா நேத்து அம்மா அப்பாவோட குந்தி சாப்ட்டுது.”