இறங்கித் தள்ளிய சைக்கிள்

கார்டன் சென்டரில் குதிரைச் சாணத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கிறார்கள். போன சனிக்கிழமை ரோசாச் செடிகளுக்கென்று மனைவி ஒரு பை வாங்கச் சொன்னாள். வரும் வழியில் பை கிழிந்து கார் முழுக்க மணம். அதற்குமேல் என்னால் ஓட்ட முடியவில்லை. காரை ஓரமாக நிறுத்தினேன். சாணத்துக்குப் பயந்த ஆள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் எட்மண்டனில் ஓர் அறையில் இருந்தேன். கூட இருந்தவர் சிவம் அண்ணை. என்னைவிட மூத்தவர். கறிக்கு உப்புப் போடத் தெரியாது, சொன்னால் கோபம் வரும். இருவருக்கும் அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வேலை செய்ய அனுமதி இல்லை. களவாக வேலை செய்து பிடிபட்டால் வழக்குக் கெட்டுவிடும், பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்காகப் பட்டினி கிடக்க முடியுமா? லண்டனின் வடக்கு விளிம்பில், வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு குதிரை லாயம் இருந்தது. அங்கே சாணம் அள்ளினோம்.

பஸ் போகாத இடம். ஆளுக்கொரு பழைய சைக்கிள். குளிர்காலத்தில் நான் கையுறைக்கு மேல் காலுறையும் மாட்டிக்கொண்டு ஓடுவேன், பிரேக் பிடிக்க ஏலாமல் இரண்டு தடவை வேலிக்குள் போயிருக்கிறேன். குளிரைச் சமாளிக்கலாம். லாயத்துக்குப் போகும் அந்த ஒடுங்கிய ஒழுங்கைகளின் அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இருபக்கமும் வேலி, உறைந்த புல், ஒரு மனிதர் இல்லை. வெள்ளைக்காரன் அந்த அமைதிக்காக வீடு வாங்குவான். சண்டை நடந்த எங்கள் ஊரில் தெரு அப்படிக் கிடந்தால், ஏதோ வருகிறது என்று சனம் கதவைப் பூட்டிவிட்டது என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை, பனிப்புகார் மூடிய நேரம், பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பினால் பச்சை உடுப்புடன் நாலைந்து பேர். கையில் துவக்கு.

"இறங்கு, இறங்கு," என்றார் சிவம் அண்ணை. "தொப்பியைக் கழட்டு."

"அண்ணை, இது லண்டன்."

"துவக்குக்கு ஊர் தெரியுமே? இறங்கடா விசரா!"

இறங்கினேன். ஊரில் ராணுவம் காவல் நிற்கும் சென்றியைக் கண்டால் அப்படித்தான். இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் தெரியப் பிடித்தபடி நடக்க வேண்டும். ஏறி ஓடியவனைச் சுட்டிருக்கிறார்கள். சிவம் அண்ணை அகதிக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டிக்கொண்டே நடந்தார். சுடாவிட்டாலும் கடிதத்தை வாசிப்பார்கள், இந்த நேரத்தில் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், எல்லாம் முடிந்தது.

அவர்களில் ஒரு கிழவன் எங்களிடம் வந்தான். சிவம் அண்ணை சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். கிழவன் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து டயரை அமத்திப் பார்த்தான். பஞ்சரா என்று கேட்டான். காற்று இருக்கிறதே என்று அவனுக்குக் குழப்பம். காட்டுக்கோழி சுட வந்த பணக்காரர்கள். சைக்கிளை நிமிர்த்திக் கொடுத்து, குட் மோர்னிங் சொன்னான்.

நான் ஏறப் போனேன்.

"ஏறாதை. திரும்பிப் பாராதை. அடுத்த வளைவு வரட்டும்."

அவருடைய பல் அடித்துக்கொண்டிருந்தது. வளைவு தாண்டியதும், "ஒருத்தருக்கும் சொல்லாதை, என்ன?" என்றார். "ஓம்" என்றேன்.

துவக்கோடு நின்றவர்கள் எங்களை எதுவும் செய்யவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு, அகதிகள் வாராவாரம் போய்க் கையெழுத்து வைக்கும் குடிவரவு அலுவலகத்துக்குச் சுத்தமான சட்டை போட்டு, பஸ்ஸில், ஒழுங்காகப் போனார் சிவம் அண்ணை. வழக்குத் தோற்றுவிட்டதென்று அங்கேயே பிடித்துக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை செய்தது எவனுக்கும் தெரியாது. நாங்கள் பயந்த பயமெல்லாம் வீண்.

லாயம் இருந்த இடத்தில் இப்போது வீடுகள். ஒழுங்கை அகலமான ரோட்டாகிவிட்டது. அவரைத் தேடலாமே என்று மனைவி கேட்கிறாள். எப்படித் தேடுவது? கேட்டால் காட்டிக்கொடுக்கத்தான் கேட்கிறான் என்று நினைப்பார்கள், அதனால் அந்த நாளில் ஒருவரும் மற்றவருடைய ஊரைக் கேட்பதில்லை, முழுப்பெயரைக் கேட்பதில்லை. ஒரே அறையில் இரண்டு குளிர்காலம் படுத்தோம். சிவம் என்பது சிவகுமாரா, சிவலிங்கமா, பரமசிவமா என்றுகூட எனக்குத் தெரியாது.