விசிலுக்கு வராதவள்

அவள் பரீட்சையில் தோற்றால் என்னிடமே வந்துவிடுவாள் என்ற எண்ணம் எனக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில்தான் வந்தது.

தூறல் விட்டும் விடாமலும் இருந்தது. தேயிலைக் கொழுந்துக்குப் போகும் பெண்கள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று நான் சொல்வதற்காகக் காத்து நின்றார்கள். பையில் போன் அதிர்ந்தது. பெரட்டில் போன் எடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நானே எடுத்துப் பார்த்தேன்.

ஒரு வீடியோ. சேறு மிதித்த மைதானம். அதன் நடுவில் அவள். அவள் என்றால் நாய். மண்சரிவில் புதைந்து கிடப்பவர்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்கும் ராணுவ நாய். நான் முழுநேரச் சேவையில் இருந்த காலம் முழுவதும் என் இடது காலோடு ஒட்டி நடந்தவள். நான் சேமப்படைக்கு மாறியபோது அவளை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த வேறொருவன் வீடியோவில் விசில் ஊதினான். அவள் தலையைத் தூக்கினாள். பசறை பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பண்டாரவளை பஸ்ஸைப் பார்ப்பார்களே, அப்படி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் புல்லை மோந்தாள்.

கீழே எழுதியிருந்தான்: ‘ஐயே, விசிலுக்கு வரவே மாட்டேன் என்கிறாள். நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்? பரீட்சை நெருங்கிவிட்டது.’ ஐயே என்பது சிங்களத்தில் அண்ணனைக் கூப்பிடுவது. என்னைவிட ஓரிரு வயதுதான் இளையவன்.

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. ஈரச் சப்பாத்தோடு அந்த இடத்திலேயே ஒரு துள்ளு துள்ளியிருப்பேன். அதன் வாலைப் பிடித்துக்கொண்டுதான் அந்த எண்ணமும் வந்தது. தேறாத நாயைச் சேவையிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்த நாயை, முன்பு வைத்திருந்தவன் கேட்டால் பெரும்பாலும் அவனுக்கே தருவார்கள். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதில் போடாமல் இருந்தால் போதும்.

“என்னா தம்பி, சண்டைக்கு ஆர்டர் வந்துருச்சா? நாங்க நிக்கிறது ஞாபகம் இருக்கா?” என்றார் முன்னால் நின்ற அக்கா.

“எட்டாம் நம்பர் மலைக்குப் போங்க,” என்றேன்.

“நேத்துத்தானேப்பா அதுல எடுத்தோம்! கொழுந்து ராத்திரியோட ராத்திரியா மொளைச்சிருச்சா?”

பெரட்டே சிரித்தது. வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்த முதல் வாரத்தில் இவர்களை மூன்று வரிசையாக நிற்கச் சொன்னவன் நான். “கொழுந்துக்குத்தான போறோம், கொடியேத்தவா போறோம்?” என்று அன்றைக்கே கேட்டவர்கள். அதன் பிறகு நான் வாய் தவறினால் அது அன்று மாலைக்குள் எல்லா லயத்து வீட்டுக்கும் போய்விடும்.

தோட்டத்திலிருந்து ராணுவத்துக்குப் போனவன் என்பதற்காக எனக்குக் கிடைத்த பார்வைகள் பலவிதம். திரும்பி வந்ததற்குக் கிடைத்தவை இன்னும் பலவிதம். வந்ததற்குக் காரணம் அம்மா. சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, வீட்டில் ஆள் இல்லாமல் கிடந்தார். நான் ஒரே பிள்ளை. ராணுவத்தை முழுதாக வெட்டிக்கொண்டு வர மனம் வரவில்லை. சேமப்படையில் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள், அவசரம் என்றால் இடையிலும் கூப்பிடுவார்கள், பாதிக் கால் அங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அவளும் பாதியாவது எனக்கு மிஞ்சுவாள் என்று நினைத்துவிட்டேன்போல.

வரும்போது எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். வார், தோல் பட்டை, முடி வாரும் பிரஷ், அவள் தண்ணீர் குடிக்கும் தகரக் கிண்ணம், விசில். ஒவ்வொன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் நான் அவளைக் கூப்பிட்டுப் பழக்கியது விசிலால் இல்லை. அது யாருக்கும் தெரியாது.

எங்கள் தோட்டத்தில் எதிர்மலையில் இருப்பவரைக் கூப்பிட இரண்டு கையையும் வாயருகே குவித்து ஒரு கூவல் போடுவோம். அடித்தொண்டையில் தாழ்வாக ஆரம்பித்து, முடியும் இடத்தில் சட்டென்று மேலே தூக்க வேண்டும். சிக்னல் கிடைக்காத பள்ளங்களில் இன்றைக்கும் அதுதான் போன். கூவலைக் கேட்டே இது இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். அவளைப் பழக்கத் தொடங்கிய நாட்களில் ஒருமுறை பனிமூட்டத்துக்குள் ஓடி மறைந்துவிட்டாள். விசில் என் விரல் குளிரில் நழுவிப் புல்லுக்குள் விழுந்துவிட்டது. பதற்றத்தில் எங்கள் ஊர்க் கூவலைப் போட்டேன். பனியைக் கிழித்துக்கொண்டு வந்தாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! அதிலிருந்து அதிகாரிகள் பார்க்கும்போது மட்டும் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, கூவலை அதன் பின்னால் மெல்ல விடுவேன். தூரத்தில் வேலை செய்யும்போது முழுக் கூவல். யாராவது கேட்டிருந்தால், தோட்டக்காரப் பையன் கத்துகிறான் என்று விட்டிருப்பார்கள்.

பதில் போடவில்லை. அவன் விடவில்லை. அடுத்தடுத்து வீடியோ வந்தது. கோழி ஈரலைக் காட்டிக் கூப்பிட்டான். முழங்கால் போட்டுக் கைதட்டிக் கூப்பிட்டான். ஒன்றில் அவளுடைய வலது காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்துக்கொண்டிருந்தான். அந்த இடம் எனக்குத்தான் தெரியும் என்று இருந்தேன். அங்கே சொறிந்தால் பின்னங்கால் ஒன்று தானாக ஆடும். வீடியோவிலும் ஆடியது. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், ஒருவேளை ஆடவில்லையோ என்று.

அம்மா ஊன்றுகோலோடு வந்து நின்றார். “ஏண்டா, யாருடா அவ?”

“யாரு?”

“போனப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுறியே, அவ. சிங்களப் புள்ளையா? இருந்தா சொல்லித் தொலை. நான் ஒண்ணும் சொல்லப்போறதில்ல.”

போனைத் திருப்பிக் காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். “கண்ணு நல்லா இருக்கு,” என்றார். பிறகு, “அவனும் பாசமாத்தான் வச்சிருக்கான்.”

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காக அம்மாவோடு இரவுச் சாப்பாடு வரை பேசவில்லை.

நாய்க்கு ஒரு கூடு கட்ட மூங்கில் வெட்டிப் போட்டேன். எங்கள் லயத்துக்குப் பின்னால், வாழைக்கு அந்தப் பக்கம். அவள் தோற்பாள், வருவாள், என்னோடு மலைக்கு வருவாள், கொழுந்தெடுப்பவர்கள் ரொட்டி போட்டுக் கெடுத்துவிடுவார்கள் என்று அதற்குள் கவலையும் பட ஆரம்பித்துவிட்டேன். அவன் நல்லவனாக இருப்பதுதான் தொந்தரவாக இருந்தது. முரடனாக இருந்தால் எவ்வளவு வசதி!

இந்த நேரத்தில்தான் ஆண்டுப் பயிற்சிக்கு அழைப்பு வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பண்டாரவளையில் பஸ் மாறும்போது அம்மாவுக்கென்று இஞ்சி டொபி மிட்டாய் ஒரு பை வாங்கினேன். முகாம் வாசலில் புதுப் பையன் ஒருவன் காவலுக்கு நின்றான். “யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த வாசல் அது. சேமப்படை என்று சொன்னதும் அவன் முகத்தில் மரியாதை வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை.

பெரட்டு மைதானத்தில் எங்களை ஒரு ஓரமாக நிறுத்தினார்கள். பக்கத்தில் நின்றவர் ஹல்துமுல்லையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவில் சந்தையில் கரட் விலையைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். என் சப்பாத்து புதிது, இன்னும் காலுக்குப் பழகவில்லை. என் கண் முழுக்க எதிர்ப்பக்கம் இருந்தது. அங்கே மண்ணும் உடைந்த கல்லும் கொட்டி மேடாக்கிய இடத்தில் நாய்களுக்குப் பயிற்சி நடந்தது.

மாலையில் விட்டதும் போனேன். கிட்டப் போகவில்லை, கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். காற்று என் முகத்தில் அடித்தது, அதனால் அவளுக்கு என் வாடை போகவில்லை. அவள் மேட்டின் உச்சியில் இருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். முடி பளபளவென்று இருந்தது. நான் வாரியதைவிட நன்றாக வாரியிருக்கிறான்.

அவன் விசில் ஊதினான். அவள் திரும்பவில்லை. மறுபடி ஊதினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, நிதானமாக மேட்டில் ஏறி, அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். கோபமில்லை, திட்டு இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அது போதுமாக இருந்தது எனக்கு. பரீட்சை, கூடு, மூங்கில், இத்தனை நாளாகக் காத்த மௌனம் எல்லாம் எங்கோ போயிற்று. அவன் அவளை விட்டுவிட்டுக் கீழே இறங்கியதும் கையைக் குவித்தேன். கூவினேன். இவள் யாருடையவள் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவள் காது இரண்டும் விறைத்தன. அடுத்த நொடி கல்லும் மண்ணும் சிதற இறங்கி ஓடி வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வேலிக்கு வந்து, கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து, என் விரல் எல்லாவற்றையும் நக்கினாள். முனகினாள். வால் உடம்பையே இழுத்துக்கொண்டு ஆடியது.

பிறகு திரும்பிப் பார்த்தாள். அவன் பாதி வழியில் நின்றிருந்தான். கூப்பிடவில்லை, கையசைக்கவில்லை. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், நடந்து போனாள், அவனுடைய இடது காலோடு ஒட்டி உட்கார்ந்தாள். நான் பழக்கிய மாதிரியே, தோள் முழங்காலைத் தொட.

அவன் வேலிக்கு வந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். நாங்கள் பேசியது சிங்களத்தில்; எனக்கு அது இப்படித்தான் நினைவிருக்கிறது.

“ஐயே! இதுதானா? இவ்வளவு நாளா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாளா?”

“ஆமா.”

“மெசேஜ் வரலயா உங்களுக்கு?”

“வந்துச்சு.”

அவன் என்னைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. கீழே குனிந்து அவள் காதுக்குப் பின்னால் சொறிந்தான், கால் ஆடியது. “பரீட்சையப் பத்தி நான் கவலப்படல ஐயே,” என்றான். “தோத்தா உங்ககிட்டதானே வருவா, நல்லாத்தான் இருப்பா. ஆனா இந்த மழைக்கு, பரீட்சைக்கு முன்னாலயே எங்கயாவது எங்களக் கூப்பிட்டுருவாங்க. மண் அசையுற சரிவுல இவ மேல நிக்கிறா, நான் கீழ நிக்கிறேன்னு வைங்க. எதச் சொல்லி இறக்குவேன்?”

எங்கள் லயத்துக்கு மேலேயும் அப்படி ஒரு சரிவு இருக்கிறது. போன மழைக்கு எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் படுத்தோம். அந்தச் சரிவில் அவள் நிற்பதை ஒரு கணம் பார்த்துவிட்டேன். கீழே இவன் கன்னம் வீங்க ஊதிக்கொண்டிருக்கிறான். நான் பதில் போடாமல் இருக்கிறேன்.

“கூவக் கத்துக்கோ,” என்றேன்.

கற்றுக்கொடுத்துப் பார்த்தேன். தாழ்வாக ஆரம்பிக்கச் சொன்னால் மேலே ஆரம்பித்தான், தூக்க வேண்டிய இடத்தில் இருமினான். சமையலறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “நரி புகுந்துருச்சா?” என்று கேட்டார். அவள் லொறிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். எனக்கு இதிலும் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“என் தொண்டைக்கு வராது ஐயே,” என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “வேற வழி இருக்கா?”

இருக்கிறது. நாய் பழக்கிய எவனுக்கும் தெரிந்த வழிதான். முதலில் அவன் விசில் ஊத வேண்டும். உடனே நான் கூவ வேண்டும். அவள் கூவலுக்கு வருவாள்; வந்தால் ஈரல் அவன் கையில் இருக்க வேண்டும். இப்படியே செய்தால் விசில் கேட்டதும் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். கூவலுக்குக் காத்திருக்காமல் கிளம்பிவிடுவாள்.

பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. நாளைக் காலை சேமப்படைப் பெரட்டுக்கு முன்னால் மேட்டடியில் சந்திப்பதாகப் பேசிக்கொண்டோம். நாளைக்கு அவன் தோளுக்குப் பின்னாலேயே நின்று முழுக்குரலில் கூவப்போகிறேன். மறுநாள் கொஞ்சம் தள்ளி, குரலைக் கொஞ்சம் இறக்கி. அதற்கடுத்து வேலி ஓரத்தில், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கிற அளவில். கடைசியில் அவன் மட்டும் ஊத வேண்டும். நான் சும்மா நிற்க வேண்டும்.

அவளுக்கு அது வந்துவிடும், கெட்டிக்காரி. சும்மா நிற்க எனக்கு வருமா என்றுதான் தெரியவில்லை. அம்மாவுக்கு வாங்கிய டொபிப் பையைப் பிரித்து ஒரு கைப்பிடியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கிறேன். கடைசி நாளில், அவன் விசிலை உதட்டில் வைக்கும்போதே ஒன்றை வாயில் போட்டுக் கடித்துக்கொள்ளப் பார்க்கப்போகிறேன்.