பன்னிரண்டு மாதப் புரட்டாசி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டி விரித்திருக்கும். அதன் மேல் அண்ணி முதல் நாளே ஊறவைத்து வடித்த கொண்டைக்கடலையும் தட்டப்பயறும் உலர்ந்துகொண்டிருக்கும். பக்கத்தில் வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்கீரைக் கட்டு, ஒரு கீற்றுப் பூசணி. அதே நேரத்தில் தெரு முழுக்கக் கறிக்குழம்பு கொதிக்கும். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். அந்த வாசம் வரும் நேரமாகப் பார்த்துத்தான் அண்ணி எங்களை உட்காரவைத்து ஆளுக்கொரு வேலை கொடுப்பார். அண்ணனுக்கு வாழைப்பூவில் கள்ளன் எடுக்கும் வேலை. ஒவ்வொரு பூவாகப் பிரித்து, நடுவில் வேகாமல் நிற்கும் அந்த நரம்பைக் கிள்ளிப் போட வேண்டும். அதைச் செய்கிறவருக்கு வேறு எதிலும் புத்தி போகாது. இன்றைக்கு அதே கூடத்தைக் கடக்க அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அது எப்படி நேர்ந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே கோபம் வருகிறது, யார் மேல் என்றுதான் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணனுக்குத் திருவையாற்றுக்குப் பக்கத்தில் நிலம். பையன் சிங்கப்பூரில் இருப்பதால் வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். சாப்பாட்டு விஷயத்தில் அண்ணனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கெண்டை மீன் குழம்பு கேட்பார். ஆட்டில் தலை, குடல், ரத்தம் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். ஒரு சம்பா அறுவடையின்போது, டிராக்டரில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். கறியையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார் டாக்டர். அதோடு நின்றிருந்தால் தேவலை. சொந்தக்காரர் ஒருவர் இவர்களை ஒரு இயற்கை உணவு முகாமுக்கு அழைத்துப்போனார். அங்கே பேசியவர் கறி, மீன், முட்டை மட்டுமில்லை, பால், தயிர், நெய் எதுவுமே ஆகாது என்று சொல்லிவிட்டார். அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கொல்லையில் நின்ற கறவை மாட்டைப் பட்டுக்கோட்டையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு ஓட்டிவிட்டார். நான் கேட்டபோது, "வீட்டுல தயிர் இருந்தா அவங்க கை சும்மா இருக்காது பாப்பா. பொருளே இல்லன்னா பிரச்சினையும் இல்ல" என்றார். எனக்கு ஐம்பது வயது தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான். தெருவில் யாராவது விசாரித்தால், "எங்க வீட்டுல பன்னெண்டு மாசமும் புரட்டாசிதாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். ஒரே ஒரு புரட்டாசி மாதம் கறி தின்னாமல் இருந்துவிட்டு, ஐப்பசி பிறந்ததும் கறிக்கடை வாசலில் இடித்துக்கொண்டு நிற்கிற ஊர் எங்களுடையது.

முதலில் அண்ணன் படுத்தாத பாடில்லை. "ஆடு மாடு திங்கறதையெல்லாம் எனக்குப் போடறியா" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். அண்ணி பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணன் தேடுவது கறியை அல்ல, அதில் போடும் பட்டை, சோம்பு, மிளகு மசாலாவைத்தான் என்று அவராகவே கண்டுபிடித்தார். பலாக்காயை நறுக்கி அதே மசாலாவில் குழம்பு வைத்தார். வாழைப்பூவைப் பருப்போடு அரைத்து உருண்டைக் குழம்பு போட்டார். அதன் பிறகு ஒரு வாரத்தை அவர் அடுக்கிய அழகைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை முளைகட்டிய பயறு, செவ்வாய்க்கிழமை வாழைத்தண்டும் கொள்ளு ரசமும், புதனுக்குக் கீரை, வியாழனுக்குக் கொண்டைக்கடலை என்று போகும். சனிக்கிழமை மிச்சம் இருக்கிற காயெல்லாம் ஒரு கூட்டில் சேர்ந்துவிடும். சீக்கிரம் வாடுகிறது வாரத்தின் முன்பாதியில், பூசணி, சேனை மாதிரித் தாங்குகிறது பின்பாதியில். புளியைக் காய்ச்சி ஒரு டப்பா, கறிவேப்பிலைப் பொடி ஒரு டப்பா, நறுக்கிய காய் ஒவ்வொன்றும் தனித்தனி டப்பா. வாரநாளில் வயலுக்கு ஆள் வரும்போது அடுப்படியில் கிடந்து சாக வேண்டியதில்லை என்பார். நான் என் வீட்டில் அதைச் செய்துபார்த்து இரண்டாவது வாரமே கைவிட்டேன், கீரை அழுகிப்போயிற்று.

அண்ணன் தேறினார். தொப்பை கரைந்து, நடை வேகமாகி, வாய்க்கால் மதகு வரை விறுவிறு என்று போய்வந்தார். சோதனைக்குப் போகும்போதெல்லாம் இதய டாக்டர் தட்டிக்கொடுத்து அனுப்பினார். ஊரில் அண்ணிக்கு ஏகப்பட்ட பெயர். "அவ புண்ணியத்துலதான் அவன் உசுரோட இருக்கான்" என்று அண்ணனின் கூட்டாளிகள் சொன்னார்கள். சர்க்கரை வந்த பெண்கள், பிரஷர் வந்த பெண்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து, எந்தக் கிழமைக்கு எது என்று கேட்டுப் போனார்கள். அந்தச் சந்தோஷத்தில் அண்ணி மெலிந்து வெளுத்துக்கொண்டே போனது யார் கண்ணிலும் படவில்லை. காரம் பட்டால் நாக்கு எரிகிறது என்றார், வயதானால் அப்படித்தான் என்றோம். காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார், நாற்றங்காலில் நின்ற கால் அப்படித்தான் இருக்கும் என்றார் அண்ணன். ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவே இல்லை. "ஆள் மட்டுமாவது முழுசா வந்து சேர்ந்தியே" என்று அண்ணன் சொல்ல, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அண்ணியும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி அரிவாள்மனையில் சேனையை நறுக்கிக்கொண்டிருந்தார். சேனைத் துண்டெல்லாம் சிவந்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். விரல் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது, அவருக்கு உறைக்கவே இல்லை. கட்டுப் போட எழுந்தவருக்குக் கால் நிற்கவில்லை. நிலைப்படியில் தலை இடிக்க விழுந்தார். காரில் போட்டுத் தஞ்சாவூருக்கு ஓடினோம். நரம்பு டாக்டர் ஒரு சின்னப் பெண். ஊசியால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார், கண்ணை மூடி நிற்கச் சொன்னார், ரத்தம் எடுத்தார். பிறகு நாற்காலியை அண்ணி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வாரத்துல என்னென்ன சாப்பிடுவீங்க, சொல்லுங்கம்மா."

அண்ணிக்கு அந்த நிலைமையிலும் முகம் மலர்ந்தது. திங்கட்கிழமையில் தொடங்கிப் பயறு, கொள்ளு, கீரை, கடலை என்று ஒன்று விடாமல் சொன்னார். எள்ளுருண்டையும் ஊறவைத்த வேர்க்கடலையும் கூட விட்டுப்போகவில்லை. டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இவ்வளவும் நீங்க சாப்பிடுறீங்களா?"

"இல்லைங்க, இது அவங்களுக்கு."

"சரிம்மா, நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் அதே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட எங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் அண்ணியே மெதுவாகச் சொன்னார். "அவங்க சாப்பிட்டப்புறம் மிச்சம் இருந்தா போட்டுக்குவேன். இல்லன்னா சோத்துல ரசம் ஊத்திக்கிட்டு ஊறுகாய் தொட்டுக்குவேங்க. முன்னெல்லாம் தயிர் இருக்கும்."

டாக்டர் நிதானமாக விளக்கினார். பால், முட்டை, கறியில் மட்டும் கிடைக்கிற ஒரு சத்து இருக்கிறது. அவற்றை அறவே விட்டவர்கள் அதை மாத்திரையாக எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வருஷக்கணக்கில் நரம்பு கெடும். அண்ணனின் மருந்துச் சீட்டைப் பார்த்தார். இதய டாக்டர் அந்த மாத்திரையை அண்ணனுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். தினமும் சாப்பாடு முடிந்ததும் தண்ணீர் டம்ளரோடு அதை அண்ணன் உள்ளங்கையில் வைத்தது அண்ணிதான். அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்று அழுதார். எனக்கு அவரைத் தேற்ற மனம் வரவில்லை.

ஊசி போட்டார்கள். கைக்கு உணர்ச்சி திரும்பிவிட்டது, முகத்தில் ரத்தம் ஏறிவிட்டது. பாதங்கள் மட்டும் மரத்தது மரத்ததுதான், இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இப்போது பாலும் தயிரும் உண்டு, அண்ணிக்கு முட்டையும் உண்டு. அண்ணன் முதலில் அண்ணியை உட்காரவைத்துப் பரிமாறிவிட்டுத்தான் தான் சாப்பிடுகிறார். தயிரை ஊற்றும்போது அண்ணி கை நீட்டித் தடுக்கிறார், போதும் போதும் என்கிறார், பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது காய் நறுக்கும் வேலை முழுவதையும் அண்ணனே எடுத்துக்கொண்டார். அண்ணி நாற்காலியில் இருந்து, இதைச் சின்னதாக, அதைப் பெரிதாக என்று சொல்லிக்கொண்டிருந்தார். திங்களுக்குப் பயறு, செவ்வாய்க்குத் தண்டு என்று அண்ணனுக்கானது வழக்கம்போல மளமளவென்று முடிந்தது. அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"உனக்கு என்ன புடிக்கும், அதைச் சொல்லு. நாளைக்கு அதையே பண்றேன்."

அண்ணி யோசித்தார். எதிர்வீட்டில் கறிக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தெரியலைங்க," என்றார் அண்ணி.