ஜூன் முதல் தேதிப் பிள்ளைகள்

யோசனை எனக்குத் தோன்றியது டவுன் பஸ்ஸில். முழுக்க என்னுடையது என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாதி, பக்கத்து இருக்கையிலிருந்து வந்தது.

பாளையங்கோட்டையிலிருந்து மேலப்பாளையம் போகிற பஸ். என் மடியில், பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கணக்கெடுக்கும் படிவங்கள். கணிதத்தில் பட்டம் வாங்கி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் கல்வி அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்திருந்தேன். பக்கத்தில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கணக்கெடுப்புக்காக அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அந்த ஊர் வழக்கப்படி அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கம். அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அவரை அதே பஸ்ஸில் பார்க்கிறேன்.

“இன்னைக்குமா லாத்தா?”

“இன்னைக்குந்தான். பள்ளிக்கூடத்துல இருக்க தேதிக்குப் பதிவே இல்லைன்னு மாநகராட்சியில சொல்லுதாவ. பள்ளிக்கூடத்துல கேட்டா, மாநகராட்சி சர்ட்டிபிகேட் இல்லாம தேதிய மாத்த முடியாதுங்காவ. உங்க ஆபீசுல கேட்டா ரெண்டு எடத்துக்கும் போங்காவ. நான் என்ன புள்ளே, இவியளுக்குத் தபால்காரியா? ஒரு நாளாவது ஒரே பெஞ்சில உக்காந்து மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிடப்படாதா?”

பஸ் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டது. அந்தக் கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்று அது திறப்பதற்குள், ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் நீளமாக ஒரு பெஞ்சும் வரைந்துவிட்டேன். இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் கல்வி அலுவலகம், நடுவில் பெஞ்சில் லாத்தா.

அவருக்கு என்ன பிரச்சினை என்று சொல்லிவிடுகிறேன். மூத்த மகள் மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஒன்பதுக்கு வேறு பள்ளியில் சேரவேண்டும். சேர்க்கப் போன இடத்தில், மாற்றுச் சான்றிதழில் இருந்த பிறந்த தேதியைக் காட்டி, “இது தப்பு, எம் மவ அன்னைக்குப் பொறக்கல” என்று லாத்தாவே சொல்லிவிட்டார். சொல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கே சேர்த்திருப்பார்கள். ஆனால் சவுதியில் இருக்கும் அவருடைய தம்பி, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் பாஸ்போர்ட்டில் ஒரு தேதியுமாகப் பட்ட பாடு அந்த வீட்டுக்கே தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறிவிட்டால் அப்புறம் அசைக்க முடியாது. இப்போதே திருத்திவிடுங்கள் என்று அவர் எழுதியிருந்தார். சரியானதைச் சொல்லப் போய் லாத்தா மாட்டிக்கொண்டார். தேதியில் தகராறு என்று தெரிந்தபின் சான்று இல்லாமல் சேர்க்க அந்தப் பள்ளியும் தயங்கியது. அவர்கள் மேலும் குற்றம் சொல்ல முடியாது.

சேர்க்கை முடிய இரண்டு வாரம் இருந்தது, கடைசி நாள் வெள்ளிக்கிழமை. லாத்தாவின் கணவர் கேரளத்தில் ஒரு டீக்கடையில் வேலை பார்த்தார். வீட்டில் அதிகாரம் அவருடைய அக்காவிடம். பீடி சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அந்த அக்கா சொன்னதை நானே கேட்டேன்: “அந்த வெள்ளிக்கெழமை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பள்ளிக்கூடத்துல சேரலைன்னா, சுளவ எடுத்துக்கிட்டு எம் பக்கத்துல உக்காந்துரணும்.” சுளவு என்றால் முறம், இலையும் தூளும் வைத்துப் பீடி சுற்றுவது அதன்மேல்தான். ஒரு பிள்ளைக்கென்று வீட்டில் தனிச் சுளவு வந்துவிட்டால் அவள் திரும்பப் பள்ளிக்கு வரமாட்டாள் என்று என் படிவங்கள் ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டிருந்தன. அந்தப் பெண், எட்டாம் வகுப்புப் புத்தகங்களுக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டைகளை, கிழியாமல் கழற்றி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களுக்கு ஆகுமாம்.

எங்கள் கல்வி அதிகாரி, மேசை யோசனையை எழுதிக் கொடுத்த என் ஒற்றைப் பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“இப்படி ரெண்டு ஆபீசும் சேந்து உக்காரலாம்னு ஆர்டர் எதுவும் இருக்கா?”

“இல்ல மேடம்.”

“உக்காரக் கூடாதுன்னு இருக்கா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப புதன்கிழமை மட்டும் வச்சுப் பாருங்க. பேனர் கீனர்லாம் வேண்டாம்.”

மாநகராட்சியிலும் அப்படித்தான் சுருக்கமாக முடிந்தது. பிறப்புப் பதிவேடு தனியாக எங்கும் போகாது, கூட ஆள் போகும் என்றார்கள். இரண்டு பேரிடமும் நான் எதிர்பார்த்துப் போன சண்டை நடக்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பேனர் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி ஒரு பேனர் எழுதினேன். ‘ஏழைக் குடும்பங்களுக்கான உதவி மேசை: பிறப்புச் சான்று, ரேஷன் அட்டை, சீருடை, கண் பரிசோதனை.’ லாத்தாவின் மகள் படித்த நடுநிலைப் பள்ளியின் முன்வாசலில், கடைத்தெருவைப் பார்த்து மேசையைப் போட்டேன். எதிர் டீக்கடை அண்ணாச்சி கேட்காமலே ஒரு பெஞ்சைக் கொடுத்து அனுப்பினார். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவை இரண்டு ஆடுகள்.

மாநகராட்சியிலிருந்து வந்தவர் ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கும் எழுத்தர். நெற்றி நிறைய விபூதி, ஆற்றங்கரையில் குறுக்குத்துறையில் வீடு. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த உதவியாளர் உவரிக்காரர். கடலோரத்துக் குரல், அடுத்த தெருவுக்கும் கேட்கும்.

“அண்ணாச்சி, ஆட்டுக்கு ரேஷன் கார்டு எழுதிக் குடுத்துருங்க. வந்த வேலையாவது ஆவட்டும்” என்றார் அவர்.

“பேர் வேணும்லா. உங்க ரெஜிஸ்டர்ல பாத்துச் சொல்லும்” என்றார் எழுத்தர்.

மதியம் சத்துணவு ஆயா சோற்றுப் பானையை இறக்கிவிட்டு வந்து என் பேனரை ஏற இறங்கப் பார்த்தார். “எந்தப் பொம்பள வருவா இங்கன? எதுத்தாப்புல பூராவும் ஆம்பளைய உக்காந்து டீ குடிக்கான். பின்வாசல்ல முடுக்கு இருக்குல்லா, அங்கன போடுங்க. காலையில பீடிய ஒப்படைக்கப் போறவ, வாறவ, அத்தன பேரும் அதுவழியாத்தான் போவா. பத்து மணிக்கு வந்து பிரயோசனமில்ல. எட்டரைக்கு வாங்க.”

அந்த ஊரை இரண்டு மாதமாக வீடு வீடாக அளந்திருந்தேன். வாசல்களை எண்ணினேனே தவிர, பெண்கள் எந்தச் சந்து வழியாக நடக்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. இன்றைக்கும் அந்த ஆயாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும். கும்பிட்டால் சிரிப்பார் என்பதால் சும்மா இருக்கிறேன்.

அடுத்த புதன்கிழமை எட்டரைக்கு, பேனர் இல்லாமல், பின்வாசல் வேப்பமரத்தடியில் மேசை. எட்டே முக்காலுக்குப் பெஞ்சில் இடமில்லை. பீடிக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள், நின்றார்கள், சுவரில் சாய்ந்தார்கள். ஒருவருக்கு ரேஷன் அட்டையில் இரண்டு பிள்ளைகள் பெயர் விட்டுப்போயிருந்தது. இன்னொருவரின் மகனுக்குக் கரும்பலகை தெரியவில்லை. அவன் முட்டாள் என்று வீடே முடிவுகட்டி வைத்திருந்தது. உவரிக்காரர் அவன் பெயரைக் கண் பரிசோதனைப் பட்டியலில் முதலாவதாக எழுதினார்.

லாத்தா வந்தபோது மணி பத்து. சேர்க்கை முடிய இரண்டு நாள்.

எழுத்தர் பள்ளித் தேதியைப் பார்த்தார். ஜூன் ஒன்று. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உவரிக்காரரைப் பார்த்தார்.

“உங்க டிபார்ட்மெண்டுல ஜூன் ஒண்ணாம் தேதி எத்தனை பிரசவந்தான் பாப்பீங்க? காலையில இருந்து நான் பாத்த பிள்ளைய பூராவும் அன்னைக்குத்தான் பொறந்திருக்கு.”

“நீங்க மட்டும் என்ன வே, பேரே இல்லாமப் பெத்துப் போடுதீங்க. வெறும் ‘பெண்’ணுன்னு எழுதியிருக்கு.”

பெஞ்சில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது, பிள்ளையின் கையைத் தலைக்குமேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. அன்றிலிருந்து சரியாக ஐந்து வருடம் பின்னால் போய் ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவார்கள். சேர்க்கை சுலபமாக முடியும், எல்லோருக்கும் நல்லது. ஆறு வயதில் சேர்ந்த லாத்தாவின் மகளுக்கும் ஐந்து என்றே போட்டிருந்தார்கள். அதனால்தான் மாநகராட்சியில் தேடிய வருடமே தப்பு.

“சரிம்மா, நெசமான தேதி என்ன?”

“ரஜப் பிறை பதினாலு. ஞாயிறு ராவு. இஷா பாங்கு சொல்லி முடிஞ்ச நேரம். எந் தம்பி மொத மொத சவுதிக்குப் போன வருஷம்.”

கடகடவென்று சொன்னார். இஷா என்றால் இரவுத் தொழுகை, பாங்கு அதற்கான அழைப்பு. அவரிடம் தேதி இல்லாமல் இல்லை. எங்கள் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. எழுத்தர் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார்.

“பஞ்சாங்கத்துல முஸ்லிம் மாசமும் போட்டிருப்பான். எங்க வீட்டுல பழைய பஞ்சாங்கம் ஒண்ணையும் தூரப் போடுறது கெடையாது. வீட்டுக்காரி அதுக்காவ என்னை ஏசாத நாளில்ல.” தம்பி போன வருடத்தை லாத்தாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, எழுந்து மொபெட்டை உதைத்தார். வெயிலில் ஆற்றைத் தாண்டிப் போய்விட்டு, பன்னிரண்டு மணிக்கு, பூச்சி அரித்த ஒரு பஞ்சாங்கத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பிறை பதினாலு அந்த வருடம் சித்திரா பௌர்ணமியை ஒட்டி வந்தது. கிழமையும் ஞாயிறு. மேலப்பாளையம் தனி நகராட்சியாக இருந்த காலத்துப் பதிவேட்டை அவர் மெல்ல விரித்து, அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிறப்புகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். ஒருமுறை. இன்னொரு முறை.

“இல்லையேம்மா. அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணும் இல்ல.”

பதிவேட்டை மூடினார். லாத்தா பீடிக் கட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவர், என்னமோ தோன்றித் திரும்பினார்.

“அண்ணாச்சி, நீங்க எந்த ராவு பாத்திய?”

“ஞாயித்துக்கெழம ராத்திரிதான்.”

“அது திங்கள் ராவுல்லா.”

யாருக்கும் புரியவில்லை. லாத்தா, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். “எங்களுக்கு மக்ரிபு பாங்கு சொல்லிட்டா அடுத்த நாளு தொடங்கிருச்சு. சனிக்கெழம பொழுது அடைஞ்சா ஞாயிறு ராவு.”

கணிதப் பட்டதாரியான நான், நாள் என்பது நடுராத்திரியில்தான் மாறும் என்று கேள்வி இல்லாமல் நம்பியிருந்தேன். எழுத்தர் பதிவேட்டைத் திரும்பத் திறந்து, சனிக்கிழமைக்கு விரலை ஏற்றினார். மூன்றாவது பெயரில் விரல் நின்றது. தகப்பன் பெயர், தாய் பெயர், தெரு, வீட்டு எண். குழந்தை: பெண். நேரம்: இரவு எட்டரை. நகராட்சி மருத்துவச்சி அப்போதே பதிந்துவிட்டிருக்கிறார்.

“நிக்கீங்களே, உக்காருங்க தாயி. பேரச் சொல்லுங்க, எழுதுதேன்” என்றார் எழுத்தர். அவர் கண்ணாடியைத் துடைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தில் லாத்தா கையெழுத்துப் போட்டார். அதே மேசையில், ஒரு முழ தூரத்தில், உவரிக்காரர் பள்ளிக்கு எழுதவேண்டிய திருத்தக் கடிதத்தை எழுதினார். இரண்டு தாளும் அதிகாரிகளின் கையெழுத்துக்குப் போய் மறுநாள் மாலை வந்தன. வெள்ளிக்கிழமை காலை புதுப் பள்ளிக்கூட வாசலில் நானும் போய் நின்றேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அந்தப் பெண் கையில் மடித்த பழுப்பு அட்டைகள் இருந்தன. புத்தகம் அன்றைக்கே கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தையும் வந்திருந்தார். என்னைப் பார்த்து, “சாயங்காலம் வந்து சுளவுல உக்காரட்டும், அதுக்கு உங்க மேச ஒண்ணும் பண்ணாதுல்லா?” என்று கேட்டார். “பண்ணாது” என்றேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு மருமகளின் தாவணித் தலைப்பைச் சரிசெய்துவிட்டார்.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்று தெரியும். ஒரு மேசை, புதன்கிழமைதோறும் காலை எட்டரைக்கு. ஆனால் அது வேப்பமரத்தடியில் நிற்பதற்கு ஓர் அதிகாரி ‘கூடாது’ என்று சொல்லாமல் இருந்தார், ஓர் ஆயா திட்டினார், ஒரு டீக்கடை பெஞ்சு கொடுத்தது, ஒரு மனிதர் சாப்பிடாமல் ஆற்றைத் தாண்டிப் போய் வந்தார். இரண்டடி நடந்த ஒரு தாய் திரும்பி நின்று ஒரு கேள்வி கேட்டார். நான் படம் வரைந்ததோடு சரி.

அந்தப் பெண் இப்போது அரைப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். எழுத்தர் வரும் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். பஞ்சாங்கக் கட்டு முழுவதையும் பள்ளி பீரோவுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிக்கு அதில் மகிழ்ச்சி. முதலில் எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்து, ஜூன் ஒன்று என்று போட்டிருக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு முடுக்கு வழியாகப் போகப்போகிறேன். அதற்கப்புறம் இருப்பதுதான் பெரிய வேலை. வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நாளன்று எங்கள் மேசையைத் தலைமையாசிரியர் அறைக்கு முன்னால் போட அனுமதி கேட்டிருக்கிறேன். பிள்ளையின் கையைத் தலைக்குமேல் வளைக்கச் சொல்வதற்கு முன்னால் அதன் உம்மாவிடம் கேட்கவேண்டும்: என்ன பிறை, எந்த ராவு?